மீதி விரதம்

இப்போதெல்லாம் யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு செம்புத் தண்ணீர் தருவாரில்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் நம் கழுத்தைப் பார்க்கிறார்கள். கழுத்துக்குக் கீழே எலும்பு புடைத்து நிற்கிற இடத்தில் அந்தப் புள்ளி நீலமாக இருந்தால், "உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். நீலமாக இருந்தால் உடம்புக்குள் தண்ணீர் இருக்கிறதாம். பிறகு எதற்குக் கேட்பானேன்? எனக்குப் புள்ளியே கிடையாது. தொற்று நோய்க்காரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். சமீபத்தில் என் தங்கச்சி வீட்டில் கல்யாணம். பந்தியில் இலைக்குப் பக்கத்தில் டம்ளரே இல்லை. கேட்டேன். பரிமாறுகிறவன் சமையல்காரரைக் கூப்பிட்டான், சமையல்காரர் மண்டபத்து மேனேஜரைக் கூப்பிட்டார். "பெரியவருக்கு உடம்புக்கு என்ன?" என்று மேனேஜர் கேட்டார். என்னிடம் இல்லை, என் மகளிடம்.

"அவருக்கு ஒண்ணுமில்ல, தாகம்" என்றாள் என் மகள்.

இந்தப் புள்ளி முதன்முதலில் வந்தது எங்கள் உப்பளத்துக்கு. அதை இப்போது யாரும் சொல்வதில்லை. படித்தவர்கள் எழுதுகிற கட்டுரைகளில் எங்கள் பெயர் வராது. நான் பள்ளிக்கூடத்தில் அதிக காலம் இருந்தவன் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். நடந்ததைப் பார்த்தவன் எழுதாமல் பார்க்காதவன் எழுதினால் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

என் பெயர் மாசானம். தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற உப்பளங்களில்தான் என் காலம் போயிற்று. முட்டி போகும்வரை உப்பு வாரினேன். முட்டி போன பிறகு தண்ணி வண்டி. மூன்று சக்கர பேட்டரி வண்டி, மேலே ஒரு நீல டிரம், சங்கிலியில் கட்டிய டம்ளர். பாத்தி பாத்தியாகப் போய் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன். உப்பை ஏற்றிக்கொண்டு போக டிரைவர் இல்லாத லாரி வந்துவிட்டது. ஆனால் உப்பு வார மெஷின் நிலைக்கவில்லை. கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு கோடைக்குள் துருப்பிடித்து நின்றுவிட்டது. மனுசன் துருப்பிடிக்க மாட்டான் என்று எங்களையே வைத்துக்கொண்டார் முதலாளி.

அந்த வருடங்களில் வெயில் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. நகரத்தில் உச்சி நேரத்துக்குச் சங்கு ஊதுவார்கள், எல்லோரும் உள்ளே போய்விட வேண்டும். உப்பளத்தில் உள்ளே போக எங்கே இடம்? ஒரு ஓலைக்கொட்டகை இருந்தது, அதில் உச்சி வேளையில் கொஞ்ச நேரம் குந்தலாம். அவ்வளவுதான். என் மருமகன் சின்னத்துரை அந்தக் கொட்டகைக்கு வருகிற வழியில்தான் விழுந்தான். உப்பு இழுக்கிற வாருபலகை கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனோம். உடம்பு கொதித்தது. திரும்பி வரவில்லை. என் மகள் பட்டுக்கனி பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவன் வாருபலகையைத் தூக்கிக்கொண்டு அவன் பாத்தியில் போய் இறங்கினாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெண்கள் என் வண்டியில் வாய் நிறையக் குடிக்க மாட்டார்கள். நாக்கை நனைத்துக்கொண்டு போவார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளி, வெள்ளை வெளேர் என்று உப்பு. ஒதுங்க எங்கே போவது? முதலாளியிடம் ஒரு மறைவு கட்டித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, அவர் தாரேன் தாரேன் என்று சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறை போய்விட்டது. அதனால் என் வண்டி மாலையில் பாதி டிரம்மோடு திரும்பும்.

இந்த நிலையில்தான் ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிக்காரி, கடற்கரைத் தெரு. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து ஆராய்ச்சிக்கூடம் வைத்திருந்தாள். காலில் செருப்பில்லாமல் வரப்பில் நடந்து வந்தாள். நடை பார்த்தவுடன் தெரிந்தது, இது கார் ஜன்னலிலிருந்து உப்பளம் பார்த்த பிள்ளை இல்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. நம்ம ஊர்க்காரர்கள் ஏமாற்றினால் நமக்குப் புரிகிற மொழியிலேயே ஏமாற்றுவார்கள்.

கையில் ஒரு கண்ணாடிச் சாடி வைத்திருந்தாள். அதற்குள் கொய்யாக்காய் அளவுக்கு ஒரு உருண்டை, தெளிவாக, நுங்கு மாதிரி.

"இது என்னளா, கடப்பாசியா?" என்று சந்தனமாரி கேட்டாள். பட்டுக்கனிக்குப் பக்கத்துப் பாத்திக்காரி. வாய் சும்மா இருக்காது.

"கடப்பாசியும் இருக்கு, வேற சிலதும் இருக்கு" என்றாள் ஜெசிந்தா. "நல்ல தண்ணியில போட்டா இப்படி ஊதிக்கும். இப்பப் பாருங்க."

உருண்டையை எடுத்துப் பாத்தியில் நின்ற உப்புத் தண்ணீரில் போட்டாள். எல்லோரும் கஞ்சி குடிக்க உட்கார்ந்தோம். குடித்து முடித்துப் பார்த்தால் உருண்டையைக் காணோம். தேடி எடுத்தாள். புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது.

"உப்பைப் பார்த்ததும் உள்ள இருக்க தண்ணிய எல்லாம் விட்டுரும்" என்றாள். "ஒங்க ரத்தமும் அப்படித்தான். வேர்க்க வேர்க்க ரத்தத்துல உப்பு ஏறும். இத ஊசியில முதுகுத் தோலுக்கு அடியில ஏத்திருவேன். ஏத்தும்போது தண்ணியா இருக்கும், ஒடம்புச் சூடு பட்டதும் உறைஞ்சிரும். ராத்திரி வீட்ல நல்லாத் தண்ணி குடிச்சிருங்க. இது ஊதி வச்சிக்கும். பகல்ல ரத்தத்துல உப்பு ஏற ஏற கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும்."

"அப்ப பகல்ல குடிக்கவே வேண்டாமா?" என்றாள் சந்தனமாரி.

"வேண்டியிருக்காது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் ஜெசிந்தாவுக்கும் தெரிந்தது. அவளும் பெண்தானே.

"ஒதுங்கவும் வேண்டாம்" என்று மெதுவாகச் சொன்னாள். "தண்ணி எல்லாம் வேர்வையாத்தான் போகும்."

"எனக்குப் போடு" என்று முதலில் எழுந்தவள் என் மகள்.

"ஏட்டி, உக்காரு" என்றேன். "நாளைக்கு அது உள்ள கெட்டுப் போச்சுன்னா எவன்கிட்ட போய்க் கேப்ப?"

"அவரு செத்ததுக்கு எவன்கிட்டப்பா போய்க் கேட்டோம்?"

நான் எழுந்து போய் வண்டிப் பக்கம் நின்றுகொண்டேன்.

போட்டுக்கொண்டார்கள். முதுகில் ஊசி, அதன் அளவைக் காட்டக் கழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி, பொட்டு மாதிரி. உள்ளே தண்ணீர் நிறைந்திருந்தால் நீலம், காலியாகக் காலியாக வெளுத்துக்கொண்டே போகும். அந்தக் கோடையில் எங்கள் பாத்தியில் ஒருத்தரும் விழவில்லை. பக்கத்து உப்பளங்களில் விழுந்தார்கள், எங்களிடம் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், அதனால் சொல்கிறேன். பட்டுக்கனி ஆம்பிளைகளை விட அதிகமாக வாரினாள். அவள் குவித்த உப்பு அம்பாரத்தைப் பார்த்துவிட்டு லாரி கண்காணிக்க வருகிறவன் படம் எடுத்துக்கொண்டு போனான். "என் மகதான்" என்று நான் அவனிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

ஆனால் வேறு ஒன்றும் நடந்தது. அவர்களுக்குத் தாகமே இல்லாமல் போயிற்று. வீட்டில் சாயங்காலம் செம்பை நீட்டினால் பட்டுக்கனி அதை ஒரு மருந்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வாங்கிக் குடிப்பாள். "குடிக்கணும்ல, குடிக்கேன்" என்பாள். தாகத்தோடு குடிக்கிறவள் முகம் எனக்குத் தெரியும். தண்ணி வண்டிக்காரன் பார்க்கிற முகமே அதுதான். அந்த முகம் எங்கள் வீட்டில் இல்லை.

பிறகு ஒரு நாள் கங்காணி வந்தான். அவன் பெயர் ஐகோர்ட். எங்கள் பக்கம் அது ஒரு சாமி பெயர். அந்தச் சாமியிடமாவது நியாயம் கிடைக்கும், இவனிடம் கிடைக்காது.

"மாசானம், சித்திரையில சென்னையிலேர்ந்து ஆள் வாராங்க. இத அரசாங்கம் ஒத்துக்கணுமில்ல, அதுக்குச் சோதன" என்றான். "காலையில எறங்கினா வெயில் தாழுற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி யாரும் குடிக்காம வேல செஞ்சு காட்டணும். பாஸ் ஆயிட்டா ஒம்ம வண்டியும் வேண்டாம், அந்தக் கொட்டகையும் வேண்டாம், உச்சி ஓய்வும் வேண்டாம்னு மொதலாளி சொல்லிட்டாரு. நீரும் வீட்ல ஓய்வா இரும்."

"மறைவு கட்டித் தாரேன்னாரே?"

"அது எதுக்குவே இனி?"

நேராக ஜெசிந்தாவிடம் போனேன். பாத்தி ஓரத்தில் குனிந்து தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பிள்ள, நீ முதுகுல வச்சது ஜெல்லு. மொதலாளி எடுக்கப் போறது தண்ணி, நிழலு, ஓய்வு. தெரியுமா ஒனக்கு?"

நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அல்லது தெரியாத மாதிரி முகம் வைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது இரண்டும் ஒன்றுதான்.

"நான் அப்படிச் சொல்லலையே பாட்டையா. தண்ணி இல்லாத நேரத்துல காப்பாத்துறதுக்குத்தான் இது. தண்ணிக்குப் பதிலா இல்ல."

"நீ சொல்லல. அவன் கேட்டுக்கிட்டது அதுதான்."

"சோதன பாஸ் ஆகலைன்னா இத யாருக்குமே போட விட மாட்டாங்க. போன வருசம் பக்கத்துல எத்தன பேர் விழுந்தாங்க, பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன். அதனாலதான் ஒன்ன வையாம போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்தச் சோதனை தோற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பட்டுக்கனி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அவளுக்கு அது ஜெயிக்க வேண்டும். கரையோரத்து உப்பளம் பூராவும் அது போக வேண்டும், இன்னொருத்தி புருஷன் வாருபலகையோடு விழக் கூடாது. ஒரே வீட்டில் சோற்றை வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம் பார்த்துச் சாப்பிடுவாள், நான் ஒரு பக்கம்.

சோதனை நாள் வந்தது. பாத்திக்கு வெளியே பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். சென்னைக் குழு உட்கார்ந்தது. முதலாளி வெள்ளை வேட்டியில் நின்றார். சுற்றிலும் ஒரு கயிறு. ஆராய்ச்சிக்கூடத்து ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, தாண்டினால் சோதனை அதோடு முடிந்தது என்றார்கள். உள்ளே ஏதாவது செய்து ஏமாற்றிவிடுவார்களாம். அதனால் காலையில் எல்லோருக்கும் புள்ளி நீலமாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையும் ஐகோர்ட்டிடம் போயிற்று.

எங்கள் பெண்கள் உப்பளத்தில் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டி, தலையில் துண்டு கட்டியிருப்பார்கள். புள்ளி இருப்பது சட்டைக்குள்ளே. ஐகோர்ட் எப்படிப் பார்ப்பான்? பொத்தானைக் கழற்று என்று சொல்லிவிட்டு அன்றைக்கு அவன் வீடு போய்ச் சேர்ந்திருக்க முடியாது. வரிசையாக நிற்க வைத்தான்.

"எல்லாருக்கும் நீலமா இருக்கா?"

"இருக்கு" என்றார்கள் எல்லோரும்.

"சரி, எறங்குங்க."

நான் வண்டியோடு கயிற்றுக்கு வெளியே நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. டிரம் நிறைய இருந்தது.

வெயில் ஏறியது. உப்பில் பட்டுத் திரும்பி வருகிற வெயில் கீழே இருந்தும் அடிக்கும். பந்தலுக்குள் இருந்த குழுவே முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிவந்துபோய்விட்டது. எங்கள் பெண்கள் வரிசையாக வாரினார்கள். பலகை உப்பில் உரசுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. எனக்கு அது தோற்க வேண்டும்தான். ஆனாலும் அவர்கள் வாரின வாரலைப் பார்க்கையில் நெஞ்சு நிமிர்ந்தது. "பாருங்கவே, நல்லாப் பாருங்க" என்று அந்த நாற்காலிக்காரர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

உச்சி தாண்டியது. முதலாளி குழுத் தலைவரிடம் சிரித்துப் பேச ஆரம்பித்தார். அப்போது ஜெசிந்தா எழுந்து நின்றாள்.

"பட்டுக்கனி நட சரியில்ல" என்றாள்.

நான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஜெசிந்தா கயிற்றின் அருகே போனாள்.

"மேடம், தாண்டினா முடிஞ்சது" என்றார் குழுத் தலைவர். "அவங்களா வெளிய வரட்டும். அவங்களுக்கு அந்த உரிம இருக்கு."

"அவளுக்குத் தெரியாது சார். தாகமே தெரியாது. அது தெரியாதபடிதான் நான் செஞ்சிருக்கேன்."

சொல்லிக்கொண்டே கயிற்றைத் தாண்டினாள். சட்டம், ஆராய்ச்சி, வெளிநாட்டுப் படிப்பு எல்லாவற்றையும் அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்கும் பட்டுக்கனி முழங்காலில் விழுவதற்கும் சரியாக இருந்தது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். முட்டி வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

ஜெசிந்தா மேல் பொத்தானைக் கழற்றிப் பார்த்தாள். புள்ளி பால் மாதிரி வெளுத்திருந்தது. நீலம் பொட்டு அளவுகூட இல்லை.

"ராத்திரி தண்ணி குடிச்சியா?"

நான் டம்ளரைப் பட்டுக்கனி வாயருகே கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டாள். முகத்தைத் திருப்பினாள். கண் சொருகுகிறது, ஆனாலும் திருப்பினாள்.

"குடிட்டி!"

"விரதம்ப்பா" என்றாள். சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டைக் காட்டினாள். மஞ்சள் துணியில் காப்பு.

எங்கள் தெரு முத்தாரம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். முதல் நாள் பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் அந்தி விளக்குப் பூசை வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாத விரதம். நேர்ச்சையை வெளியில் சொன்னால் பலிக்காது என்பது எங்கள் பக்கம் வழக்கம். அதனால் என்னிடமும் சொல்லவில்லை, ஜெசிந்தாவிடமும் சொல்லவில்லை. ஐகோர்ட் கேட்டபோது "இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

"எதுக்குளா நேந்த?" என்று சந்தனமாரி அழுதாள்.

"இந்தச் சோதன ஜெயிக்கணும்னு."

ஜெசிந்தா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிற சாமான் ஜெயிப்பதற்காக, உடம்பில் தண்ணீர் இல்லாமல் விரதம் இருந்திருக்கிறாள் என் மகள். இந்தக் கணக்கு எந்த ஆராய்ச்சிக்கூடத்தில் வரும்?

"விரதத்த முறிச்சா அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா, குடி பட்டு" என்று ஜெசிந்தா கெஞ்சினாள். வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள், முத்தாரம்மனுக்காக அவள் எப்படி வாக்குக் கொடுப்பாள்? பட்டுக்கனி தலையை ஆட்டிவிட்டாள். முறித்தால் நேர்ச்சை போய்விடும், சோதனை தோற்றுவிடும் என்பது அவள் நினைப்பு. தோற்றுப்போய்க் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு வழி உண்டு. விரதம் இருக்கிறவர்கள் காய்ச்சலில் விழுந்தால் ரத்த சொந்தம் அந்தக் காப்பை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம். மீதி விரதம் வாங்கினவனுடையது. நான் காப்பில் கை வைத்தேன்.

"குடு. மீதி என்னது."

"நீ கட்டக் கூடாதுப்பா" என்றாள். நாக்கு குழறுகிறது. "வாங்குறவங்க அதையே மனசார வேண்டணும். நீ இது தோக்கணும்னு நிக்கிற ஆளு. ஒன் கையில அது நிக்காது."

பந்தலிலிருந்து எல்லோரும் வந்து சுற்றி நின்றுவிட்டார்கள். முதலாளி, குழு, ஐகோர்ட். நான் என்ன சொல்லிக்கொண்டு திரிந்தேன் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். அதைப்பற்றி யோசிக்க நேரம் இல்லை.

உப்பில் முட்டி போட்டேன். "அம்மா முத்தாரம்மா" என்றேன், சத்தமாகவே சொன்னேன். "இந்தப் பிள்ள செஞ்ச சாமான் ஜெயிக்கணும். நல்லா ஜெயிக்கணும். மனசார கேக்குதேன்."

பட்டுக்கனி என் கண்ணையே பார்த்தாள். சின்ன வயதில் மிட்டாய் ஒளித்து வைத்திருக்கிறேனா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு கையை நீட்டினாள். காப்பை அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தாள். ஜெசிந்தா மடியில் தலையை வைத்து, துளித் துளியாகக் கொடுத்தோம்.

ஆம்புலன்ஸ் அவளையும் ஜெசிந்தாவையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. மற்றவர்கள் கரையேறி என் வண்டியைச் சுற்றி நின்று குடித்தார்கள். டிரம் காலியாகும்வரை ஊற்றிக் கொடுத்தேன். ஐகோர்ட்டுக்கும் கொடுத்தேன். நான் ஒரு சொட்டு குடிக்கவில்லை. அந்த வெயிலில், என் வயதில், முதுகில் எந்த ஜெல்லும் இல்லாமல், அந்தி விளக்கு வைக்கும்வரை நின்றேன். அதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். யாருக்காவது பிடிக்கவில்லை என்றால் அவர்கள் நின்று காட்டட்டும்.

பட்டுக்கனி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து என் கையில் காப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்தாள். கோயிலில் அவிழ்த்து வைத்துவிட்டு வந்ததைச் சொன்ன பிறகுதான் என்னிடம் முகம் கொடுத்துப் பேசினாள்.

சோதனை தோற்றது என்றுதான் நாங்கள் நினைத்தோம். மழைக்கு முன்னால் சேதி வந்தது. ஒத்துக்கொண்டார்களாம். ஜெசிந்தாதான் வந்து சொன்னாள்.

"பட்டுக்கனி ரத்தத்த எடுத்துப் பாத்தாங்க பாட்டையா. ராத்திரி பூரா ஒரு சொட்டு இல்லாம, அந்த வெயில்ல அவ வெள்ளனவே விழுந்திருக்கணும். விழுந்திருந்தா எந்திரிச்சிருக்க மாட்டா. முந்தின நாளு மிச்சம் இருந்தத கடைசிச் சொட்டு வரைக்கும் குடுத்து அவள நிறுத்தியிருக்கு. அதப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டாங்க."

நான் என் மனைவிக்காக அந்த அம்மனிடம் வேண்டியிருக்கிறேன், அவள் கேட்கவில்லை. முட்டிக்காக வேண்டியிருக்கிறேன், கேட்கவில்லை. இதைப் போய்க் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் சேதி சொல்ல வந்தவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இத இப்படியே குடுக்க மாட்டேன்" என்றாள். "அவ சாகப் போறது அவளுக்கே தெரியல. தாகத்த நான் எடுத்துட்டேன். அது எடுக்கக்கூடாத சாமான்." மறுபடி ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலாளி பணத்தோடு போய்க் கதவைத் தட்டினார், பழையதே போதும் என்றார். அவள் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளை.

அடுத்த கோடைக்குப் புதுசு செய்துவிட்டாள். பாதி தண்ணீரைத்தான் விடும், அதற்கு மேல் விடாமல் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் உப்பு ஏறும், தாகம் எடுக்கும். அப்படியும் தண்ணீர் கிடைக்கவில்லை, உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்கு உப்பு ஏறினால் மீதியைத் திறக்கும்.

முதலாளிக்கு அது வேண்டாம். தாகம் எடுத்தால் தண்ணி வண்டி வேண்டுமே. வேறு ஊர்க் கம்பெனி ஒன்று பழையதைப் பார்த்துச் செய்து விற்க ஆரம்பித்திருந்தது, அதை வாங்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கு டவுனில் எல்லோர் கழுத்திலும் இருப்பது அந்தத் தாகம் இல்லாத சாமான்தான். ஆனால் எங்கள் பாத்தியில் அது ஏறவில்லை. உப்பு விளைந்து வாருவதற்குத் தயாராக நின்றது, தெற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. பட்டுக்கனி வரப்பில் உட்கார்ந்தாள். சந்தனமாரி உட்கார்ந்தாள். வரிசையாக எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"தாகம் எடுக்கறதத்தான் போடுவோம்" என்றாள் பட்டுக்கனி முதலாளியைப் பார்த்து. "தண்ணி வண்டி வரணும். கொட்டக நிக்கணும். பொம்பளைக்கு ஒரு மறைவு கட்டணும். மேகம் எங்கள விட அவசரத்துல இருக்கு அண்ணாச்சி, சீக்கிரம் சொல்லுங்க."

முதலாளி மேகத்தைப் பார்த்தார். ஐகோர்ட்டைப் பார்த்தார். ஐகோர்ட் தன் காலைப் பார்த்தான். அன்று மாலையே செங்கல் வந்து இறங்கியது. ஒரு தலைமுறை கேட்டும் வராத செங்கல். அதை இறக்கி வைத்துவிட்டு என் மகள் உப்பு வாரப் போனாள். நான் எல்லோரிடமும், லாரி கண்காணிக்கிறவனிடமும் சொன்னேன், என் மகள்தான் என்று. இந்தத் தடவை அவன், "முந்தியே சொன்னீங்களே" என்றான். மறுபடி சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவாய் என்றேன்.

போன சித்திரையில் ஜெசிந்தா மறுபடி வந்தாள். ஊசி, மருந்துப் பெட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு நேராக என் வண்டிக்கு வந்தாள். பட்டுக்கனியும் கூட வந்தாள். இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"பாட்டையா, ஒங்களுக்கு மட்டும்தான் இன்னும் போடல" என்றாள் ஜெசிந்தா. "வயசாகுது. வெயில் கூடிக்கிட்டே போகுது."

"எனக்கு எதுக்கு?"

"ஒங்க மகளக் காப்பாத்துன சாமான்."

"என் மகளக் காப்பாத்தினது என் வண்டித் தண்ணி."

"அம்மன்ப்பா" என்றாள் பட்டுக்கனி.

"சரி, நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிவு பண்ணுங்க" என்றேன். டிரம்மின் மூடியைத் திருகினேன். "நான் ஒண்ணு கேக்குதேன் பிள்ள. இந்தப் புதுச போட்டாத் தாகம் எடுக்குமில்ல?"

"எடுக்கும்."

"எடுத்தாத் தண்ணி குடிக்கணும்?"

"குடிக்கணும்."

"அதுக்கு வண்டி வரணும். இதெல்லாம் நீ படிக்கப் போறதுக்கு முன்னாலயே இருந்துச்சே. தாகம் எடுக்க வைக்கிறதுக்கா இத்தன வருசம் ஆராய்ச்சி பண்ணின? அது இல்லாமலே எனக்கு எடுக்குதே. அப்ப அது எதுக்கு உள்ள?"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்.

"நீங்க வரப் பிந்தினா, அதுக்கு."

"நான் என்னைக்கு வரப் பிந்தினேன்?"

பட்டுக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டது நியாயமான கேள்வி. தூரத்துப் பாத்தியிலிருந்து சந்தனமாரி கையைத் தூக்கி ஆட்டினாள், அங்கே வண்டி வேண்டும். பேட்டரி அன்றைக்கு மக்கர் பண்ணியது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன்.

"யோசிச்சுச் சொல்லுங்க பாட்டையா!" என்று ஜெசிந்தா பின்னாலிருந்து சத்தம் போட்டாள்.

"யோசிச்சாச்சு" என்றேன், திரும்பாமல். வரப்பில் வண்டி சாயாமல் பார்த்துக்கொண்டு நடந்தேன்.